குடி புகுதல்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழரின் வீடுகள் – ஒரு சிற்றாய்வு

முன்னுரை

தமிழர் இந்நாட்டிற்கு வந்த வரலாற்றைப் பள்ளி நாளிலிருந்தே படித்து வருகிறோம். கப்பல், கங்காணி, காடழிப்பு, பால்மரம் என்று அவ்வரலாறு நமக்கு ஏறக்குறைய மனப்பாடம். ஆனால், வந்தவர்கள் எத்தகைய வீட்டில் குடியேறினார்கள், அந்த வீடு யாருடையது, அதில் அடுப்பு மூட்டி, தண்ணீர் பிடித்து, பிள்ளை வளர்த்த அன்றாட வாழ்க்கை எவ்வாறு அமைந்தது என்னும் கேள்விகளை நாம் அதிகம் கேட்பதில்லை.

நான் பிறந்தது கிள்ளான் வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில். எட்டு வயதில் பெற்றோருடனும் பாட்டியுடனும் அடுக்குமாடிக் குடியிருப்பின் பன்னிரண்டாம் மாடிக்கு மாறினேன். இரு வகை வீட்டையும் கண்டவள் என்ற முறையில் இக்கேள்விகளுக்கு விடை தேட முயன்றிருக்கிறேன். நூல்களில் படித்தவற்றோடு, என் வீட்டிலும் அண்டை அயலிலும் கேட்டறிந்தவற்றையும் இணைத்துள்ளேன். தமிழ் மாணவர்களுக்கான மலர் என்பதால், நம்மவர் தம் வீட்டைக் குறிக்க வழங்கிய சொற்களையே வழித்துணையாகக் கொள்கிறேன்.

வீடு, மனை, குடி

'விடு' என்னும் வினையடி நீண்டு 'வீடு' ஆயிற்று. சுடு–சூடு, படு–பாடு என்பன போல இதுவும் முதனிலை திரிந்த தொழிற்பெயர். பற்று விடுதலால் வரும் பேறும் வீடு. வேலையை விட்டு வந்து தங்கும் இடமும் வீடு. 'இல்' என்பதிலிருந்து இல்லாளும் இல்லறமும் பிறந்தன. 'மனை' என்பதிலிருந்து மனைவி பிறந்தாள்.

இவற்றினும் என் கவனத்தை ஈர்த்தது 'குடி' என்னும் சொல். குடி என்றால் வீடு. குடி என்றால் குடும்பம். குடி என்றால் நாட்டு மக்கள். குடியேறு, குடிபெயர், குடியிருப்பு, குடியுரிமை, குடிமகன் ஆகிய அனைத்தும் அதன் கிளைகள். வாடகைக்குப் பழந்தமிழ்ச் சொல் 'குடிக்கூலி'. வீட்டில் இருப்பதும் நாட்டில் உரிமை பெறுவதும் நம் மொழியில் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. இந்நாட்டுத் தமிழர் வரலாற்றிலோ இவ்விரண்டும் வெவ்வேறு காலத்தில் வந்தன. குடியேற்றம் முதலில் நடந்தது. குடியுரிமை பின்னர் வந்தது. சொந்தக் குடியிருப்போ பலருக்கு அதனினும் காலந்தாழ்ந்தே வந்தது.

லயம்

ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கவைக்கப்பட்டு, கப்பலேறி, பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹம்மிலோ கரையிறங்கியவர்களுக்குக் கிடைத்த முதல் வீடு லயம். போர்ட் சுவெட்டன்ஹம் 1901இல் திறக்கப்பட்ட துறைமுகம். 1972இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாறியது. 'வரிசை' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லே நம்மவர் வாயில் லயன், லயம் எனத் திரிந்தது. இசையில் வரும் லயத்திற்கும் இதற்கும் தொடர்பில்லை. இலங்கை மலையகத் தமிழரும் இதே சொல்லை வழங்குவது ஒரே தோட்ட முறையின் அடையாளம்.

நீண்ட வரிசையாகப் பல குடும்பங்களுக்கு ஒரே கூரை. ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஓர் அறை, சமைக்க ஓர் ஒதுக்கு, முன்னால் அஞ்சடி. வரிசைக்குப் பொதுவாகத் தண்ணீர்க் குழாய். கதவின்மேல் பெயர் இல்லை, எண் இருந்தது. விடியுமுன் மணி அடித்தால் பெரட்டுக்குச் செல்ல வேண்டும். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் வெட்டுக்குப் போவாள். தோட்டப்பள்ளி, மாரியம்மன் கோயில், திடல், கள்ளுக்கடை, மருந்தகம் எல்லாம் நடை தூரத்தில் அமைந்தன.

லயத்தில் குடிபுகுந்த நாளில் பால் காய்ச்சினீர்களா என்று பாட்டியிடம் கேட்டேன். "தொர வூட்டுக்கு யாரும்மா பால் காச்சுவா? சாவியக் குடுத்தாங்க, சட்டியக் கொண்டுபோய் எறக்கி வெச்சோம்" என்றார். லயத்தின் இயல்பைப் பல பக்கம் எழுதியும் இவ்வளவு தெளிவாக என்னால் சொல்ல இயலவில்லை.

அவ்வீட்டிற்கு வாடகை கிடையாது. ஆயினும் இலவசம் என்று சொல்லிவிட முடியாது. குடிக்கூலி கொடுக்காத அவ்வீட்டின் விலை வேலையே. வேலை நின்றால் வீடும் நின்றது. வயதாகி ஓய்வு பெற்றவர், வீட்டில் இன்னொருவர் அதே தோட்டத்தில் வேலை செய்தால்தான் தொடர்ந்து குடியிருக்க முடியும் என்பது பல தோட்டங்களின் வழக்கம். ஆகவே பிள்ளையும் பால்வாளியைத் தூக்க நேர்ந்தது. பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்கள் எல்லாரும் படிப்பில் ஆர்வம் இல்லாமல் விட்டவர்கள் அல்லர். கூரையைக் காப்பாற்ற விட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

சஞ்சி முறை 1910இல் ஒழிக்கப்பட்டது. 1938இல் இந்திய அரசாங்கம் உதவித்தொகையுடன் தொழிலாளர்களை அனுப்புவதைத் தடை செய்தது. ஆனால் வேலையோடு வீட்டைக் கட்டிவைத்த முறை இவ்விரு மாற்றங்களுக்குப் பின்னும் நீடித்தது.

கிள்ளான், 1941

வீடு என்பது கூரை மட்டுமன்று என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர் என்பதற்குக் கிள்ளான் மண்ணிலேயே சான்று உண்டு. 1941ஆம் ஆண்டு இவ்வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். அவர் கைதாகி நாடு கடத்தப்பட்டார், இராணுவம் வரவழைக்கப்பட்டது, உயிர்களும் பலியாயின.

சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம் வேண்டும் என்பதை மட்டுமே பலர் நினைவில் வைத்திருக்கிறோம். கோரிக்கைப் பட்டியலில் வேறு சிலவும் இருந்தன. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். துரை எதிரில் வந்தால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழிய வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக வேண்டும்.

கடைசிக் கோரிக்கையைச் சற்று எண்ணிப் பாருங்கள். திருக்குறளின் இல்லறவியலில் விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே உண்டு. அக்குறளைத் தோட்டப்பள்ளியில் மனனம் செய்த பிள்ளையின் வீட்டிற்கு அத்தை வர வேண்டுமானால் நிர்வாகம் மனம் வைக்க வேண்டியிருந்தது. விருந்தினரை வாசலில் வரவேற்கும் உரிமைக்காகவும் கிள்ளான் தொழிலாளர்கள் போராடினார்கள் என்பது நம் பாடநூல்களில் இடம்பெற வேண்டிய செய்தி.

குவாட்டர்ஸ்

தோட்டத்திற்கு வெளியே இருந்த தமிழருக்கு வாய்த்தது குவாட்டர்ஸ். பிரிக்பீல்ட்ஸ் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1881இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மரவீடுகளையும் ஓலைக் குடிசைகளையும் அழித்தன. அதன்பின் நகரைச் செங்கல்லால் கட்ட வேண்டும் என முடிவாயிற்று. செங்கற்சூளைகள் எழுந்த நிலப்பகுதியே அப்பெயரைப் பெற்றது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் ஆற்றோரத்துப் புக்கிட் கூடாவையும் இணைக்கும் இரயில் பாதை திறக்கப்பட்டது. தொடர்ந்து பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே ஊழியர்களின் ஊராயிற்று. தண்டவாளம் பதித்தவர்களும் பட்டறையில் உழைத்தவர்களும் பெரும்பாலும் தமிழகத்தினர். அலுவலகங்களில் யாழ்ப்பாணத் தமிழர் பலர் இருந்தனர். ஸ்காட் சாலையில் உள்ள கந்தசுவாமி கோயில் அவர்கள் எழுப்பியது. 1904இல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம் இன்றும் நிற்கிறது.

1905இல் கட்டப்பட்ட 'நூறு குவாட்டர்ஸ்' வீடுகள் அரசாங்க ஊழியர்களுக்கானவை. லயத்தைவிட உறுதியான செங்கல் வீடுகள். நகரத்தின் நடுவில் அமைந்தவை. பள்ளியும் சந்தையும் அருகில் இருந்தன. இவ்வசதியால் பிரிக்பீல்ட்ஸ் பிள்ளைகள் தோட்டத்துப் பிள்ளைகளைவிட எளிதாக மேற்படிப்பை எட்ட முடிந்தது. ஆயினும் ஒன்றில் இரண்டும் ஒன்றே. ஓய்வு பெறும் நாளில் குவாட்டர்ஸையும் காலி செய்ய வேண்டும்.

பழைய இரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2010 அக்டோபரில் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் முன்னிலையில் 'லிட்டில் இந்தியா' தொடக்கம் கண்டது. 2015இல் இந்தியா அன்பளிப்பாக வழங்கிய தோரண வாயிலும் எழுந்தது. அதே 2010களில் நூறு குவாட்டர்ஸ் வீடுகள் பல இடிக்கப்பட்டன. இன்று தீபாவளிக்கு முன் துன் சம்பந்தன் சாலையில் நடக்க இடமிருக்காது. புடவை வாங்கவும் பலகாரம் வாங்கவும் எங்கிருந்தெல்லாமோ வருகிறோம். வந்து போகிறவர்கள் பெருக, குடியிருந்தவர்கள் குறைந்துபோன ஊர் அது.

குடியுரிமையும் கூட்டுறவும்

அச்சாலைக்குப் பெயர் தந்தவரை இங்கு நினைவுகூர்வது பொருத்தம். 1957இல் நாடு விடுதலை பெற்றபோது அதன்பின் இங்குப் பிறந்த பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்களாயினர். அதற்கு முன்பு வந்தோரிலும் பிறந்தோரிலும் பலர் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. படிவம் எழுதத் தெரியாதவர்களும், பிறப்புச் சான்று இல்லாதவர்களும், ஊருக்கே திரும்பிவிடலாம் என்று எண்ணியவர்களும் விடுபட்டனர். 1969இல் குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, பல்லாயிரக்கணக்கான தமிழர் 'ரஜுலா' போன்ற கப்பல்களில் தமிழகம் திரும்பினர். முன்பின் வாழ்ந்தறியாத ஊரில் அவர்களுடைய பிள்ளைகள் புதிதாகக் குடிபுக நேர்ந்தது. நம் குடும்பங்களில் 'ஊருக்குப் போய்விட்ட சித்தப்பா' ஒருவர் இருப்பதற்குக் காரணம் இதுவே.

இதே காலப்பகுதியில் வெளிநாட்டு நிறுவனங்கள் பெருந்தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் துண்டாடி விற்க, தொழிலாளர்கள் வேலையையும் லயத்தையும் ஒருசேர இழந்தனர். இதற்கு மாற்றாகத் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளி மாதம் 10 வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆகலாம். 1961இல் கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது. தாம் வெட்டும் மரத்திற்குத் தாமே உரியவர் ஆகலாம் என்னும் எண்ணம் அன்று புதுமையானது. ஆனால் விற்பனைக்கு வந்த தோட்டங்கள் அனைத்தையும் சங்கம் ஒன்றினால் வாங்கிவிட முடியவில்லை.

ரூமா பாஞ்சாங்

நகரம் தோட்டத்தை நோக்கி வளர்ந்தது. சுபாங் ஜெயா எழுந்த நிலம் சீபீல்டு தோட்டம். பண்டார் உத்தாமாவின் நிலம் எபிங்காம் தோட்டம். புத்ராஜெயாவிற்காகப் பிராங் பெசார் உள்ளிட்ட நான்கு தோட்டங்களின் குடும்பங்கள் 1990களின் இறுதியில் டிங்கில் அடுக்குமாடிக்கு மாற்றப்பட்டன. கட்டடத்தின் தரம் குறித்து முறையிட்டு, தரைவீடு வேண்டும் என்று அவர்கள் இருபதாண்டுக்கு மேல் கேட்டு வந்தனர்.

வேறு பலருக்கு நேரடியாக வீடு கிடைக்கவில்லை. புறம்போக்கு நிலத்தில் பலகையும் தகரமும் கொண்டு தாமே குடிசை கட்டினர். அது உடைக்கப்பட்டதும், மாற்று வீடு தயாராகும் வரை 'ரூமா பாஞ்சாங்' எனப்படும் நீண்ட தற்காலிக வீடுகளில் காத்திருந்தனர். ரூமா பாஞ்சாங் என்பதும் நீண்ட வரிசை வீடே. லயத்திலிருந்து புறப்பட்டவர்கள் இன்னொரு லயத்திற்கே வந்து சேர்ந்தார்கள்.

தாமானும் அடுக்குமாடியும்

'தாமான்' என்னும் மலாய்ச் சொல்லுக்குத் தோட்டம், பூங்கா என்று பொருள். "தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்துவிட்டோம்" என்று நம் பெற்றோர் சொல்லும்போது, ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்கு வந்ததாகவே சொற்பொருள் அமைகிறது. ஆனால் வாழ்க்கையில் இரண்டிற்கும் இடைவெளி பெரிது. தாமான் தரைவீட்டை வாங்க முடிந்தவர்கள் ஒரு சாரார். மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தவர்கள் மற்றொரு சாரார். என் குடும்பம் இரண்டாம் வகை.

மலிவுவிலை வீட்டின் உச்ச விலை 1980களில் 25,000 ரிங்கிட். 1998இல் இடத்திற்கேற்ப 42,000 ரிங்கிட் வரை உயர்த்தப்பட்டது. வாங்க இயலாதோருக்குக் கோலாலம்பூரில் மூன்று அறையும் ஏறத்தாழ 700 சதுர அடியும் கொண்ட பி.பி.ஆர். வாடகை வீடுகள் உள்ளன. அவற்றின் வாடகை நீண்ட காலம் மாதம் 124 ரிங்கிட்டாக இருந்தது. அப்பாவின் இழப்பீட்டுத் தொகையையும் சேமநிதியையும் திரட்டி நாங்கள் ஒரு வீடு வாங்கினோம். அதில் பால் காய்ச்சினோம். எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறையில் அதுவே முதன்முறை. பாட்டி தம் கையாலேயே அடுப்பைப் பற்றவைத்தார்.

குடிபுகுந்த முதல் மாதம் அம்மா நோட்டுப் புத்தகத்தில் எழுதிய செலவுகள் இவை: வங்கித் தவணை, பராமரிப்புக் கட்டணம், மின்கட்டணம், தண்ணீர், எரிவாயு, பேருந்து, தம்பியைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவுக்குக் கூலி, கறிவேப்பிலை. கடைசிச் சொல்லைத் தனியாகக் கோடிட்டிருந்தார். தோட்டத்தில் கறிவேப்பிலையும் முருங்கையும் வேலியிலேயே கிடைத்தன. தோட்ட வாழ்க்கையில் காசாக எண்ணப்படாத எத்தனையோ, நகரத்தில் காசாயின. அப்பா பன்னிரண்டு மணி நேரம் பாதுகாவலர் வேலைக்குச் சென்றார். அம்மா தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினார். இருவரும் வீட்டில் ஒன்றாக இருந்த பொழுது சுருங்கியது. தோட்டத்தை விட்டு வந்த பிள்ளைகளில் சிலர் வழிதவறியதற்கு அவர்களின் குணத்தைக் குறை சொல்வது எளிது. பள்ளி விட்டு வந்து கதவைத் தாமே திறந்த பிள்ளையை அந்த மாலை வேளையில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்றும் கேட்க வேண்டும்.

முதியோர் நிலை இன்னும் கடினம். மின்தூக்கி பழுதான நாள்களில் பாட்டி பன்னிரண்டாம் மாடியிலேயே இருந்துவிடுவார். தோட்டத்தில் ஓர் இறப்பென்றால் பெரட்டே வந்து நிற்கும். இங்கோ பெட்டி மின்தூக்கியில் நுழையாது. கீழ்த்தளத்தில் பந்தலிட்டுக் காரியம் செய்கிறோம். ஆனால் ஒன்றையும் சொல்ல வேண்டும். எதிர்வீட்டு மலாய்க்கார மாச்சிக் அப்படியொரு நாளில் நாற்காலிகளைக் கொண்டுவந்து போட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தார். லயத்தில் அண்டைவீட்டார் பெரும்பாலும் நம்மவரே. அடுக்குமாடியில் அண்டை என்பதன் பொருள் விரிந்திருக்கிறது.

பெயரில் எஞ்சியவை

மரங்கள் வெட்டப்பட்டாலும் தோட்டத்தின் பெயர் இரண்டு இடங்களில் எஞ்சுவதைக் கண்டேன்: கோயிலும் தமிழ்ப்பள்ளியும். பண்டார் உத்தாமாவில் எபிங்காம் தமிழ்ப்பள்ளி, ஷா ஆலாமில் மிட்லண்ட்ஸ் தமிழ்ப்பள்ளி, பூச்சோங்கில் காசல்பீல்டு தமிழ்ப்பள்ளி, கிள்ளானில் ஹைலண்ட்ஸ், புக்கிட் ராஜா தமிழ்ப்பள்ளிகள். இப்பெயர்கள் துரைமார் வைத்தவை; நாம் பெருமைப்பட அவற்றில் எதுவுமில்லை என்று வாதிடலாம். ஆயினும் இன்ன இடத்தில் நம்மவர் குடியிருந்தனர் என்பதற்குப் பொதுமக்கள் பார்வையில் எஞ்சிய சான்று அதுவே. நிலப்பட்டாவில் தொழிலாளியின் பெயர் ஒருநாளும் இருந்ததில்லை.

நாம் செய்யத் தக்கவை

முதலாவது, சட்டம் அறிதல். 2015இல் நடப்புக்கு வந்த 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி, வீட்டு உரிமையாளர்களே கூட்டு நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம். பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் பத்து விழுக்காட்டைச் சேமிப்பு நிதிக்கும் செலுத்த வேண்டும். கூட்டத்திற்கு ஏழு நாள் முன்பு வரை பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்களிக்கும் உரிமை இல்லை. நம்மவரில் பலர், "நிர்வாகம் செய்யவில்லை" என்று கூறிக் கட்டணத்தை நிறுத்திவிடுகின்றனர். அதனால் வாக்கும் போகிறது, மின்தூக்கியும் நிற்கிறது. தோட்டத்தில் நிர்வாகம் என்றால் துரை. இங்கு நிர்வாகம் என்றால் நாமே என்பதை நம் பெற்றோருக்கு அமைதியாக விளக்குவது படித்த பிள்ளைகளின் கடமை.

இரண்டாவது, மாலை வேளை. தோட்டம் தந்த ஆயாக்கொட்டகையும் திடலும் இங்குத் தாமாக வாரா. கீழ்த்தள மண்டபத்தில் வாரம் இரு மாலை பாடம் சொல்லிக் கொடுக்க இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் போதும். எங்கள் அடுக்குமாடியில் ஏழு பிள்ளைகளோடு தொடங்கினோம். இப்போது மூன்று இனத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள்.

மூன்றாவது, பதிவு செய்தல். எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், என்ன எண் கொண்ட வீடு, எந்த ஆண்டு வெளியேறினர் என்று ஒவ்வொருவரும் தம் பாட்டன் பாட்டியிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும். பெரட்டு, கிராணி, ஆயாக்கொட்டகை, அஞ்சடி போன்ற சொற்கள் அவர்களோடு மறைந்துவிடலாம். அச்சொற்களைத் தொகுப்பதும் தமிழாய்வே.

முடிவுரை

லயம், குவாட்டர்ஸ், ரூமா பாஞ்சாங், தாமான், பிளாட் என நம்மவர் குடியிருந்த வீட்டின் பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், ஒன்றுகூடத் தமிழ்ச் சொல் இல்லை. அவை வீட்டைக் கட்டித் தந்தவர்களின் சொற்கள். பெயர் எதுவாயினும், உள்ளே வாழும் உரிமை யாருடைய கையில் இருக்கிறது என்பதே கேள்வி. வேலையிலிருந்து வீடு பிரிந்த பின்னர்தான், நம்மில் பெரும்பாலோர் இந்நாட்டில் உண்மையாகக் குடிபுகத் தொடங்கியிருக்கிறோம். அந்த வகையில் நாம் முன்னூறு ஆண்டுப் பழங்குடிகளும் அல்லர். நேற்று வந்தவர்களும் அல்லர். சாவியைப் பெறும் பணியை நம் பெற்றோர் செய்து முடித்துவிட்டார்கள். அண்டைவீட்டாரோடு கூடி அக்குடியிருப்பை வாழத்தக்க இடமாக்கும் பணி நம் தலைமுறைக்கு உரியது. அடுத்த கூட்டு நிர்வாகக் கூட்டம் எப்போது என்று உங்கள் கீழ்த்தள அறிவிப்புப் பலகையில் இன்றே பாருங்கள்.